புதிய தலைமுறையா, முந்தைய தலைமுறையா? சொகுசு எஸ்யூவி குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு சொகுசு எஸ்யூவியின் புதிய தலைமுறை அறிமுகமாகும் ஒவ்வொரு முறையும், அதையே வாங்குவதா, விடைபெறும் வடிவத்தில் நல்ல நிலையில் உள்ள ஒன்றைத் தேடிப் பிடிப்பதா என்ற கேள்வி இப்பகுதிக்குத் தவறாமல் வந்துவிடுகிறது. இம்முறை அந்தக் கேள்வியைப் பல கோணங்களில் எழுப்பிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வயதான பெற்றோர், மனைவி, மகன், நான் என எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். ஒரு வண்டியை வாங்கினால் குறைந்தது பத்தாண்டுகள் வைத்திருப்பது எங்கள் வழக்கம். லெக்சஸ் ஜிஎக்ஸ் 460 மாடலின் கடைசி ஆண்டு வண்டி ஒன்று, ஒரே உரிமையாளரிடமிருந்து, அதிகம் ஓடாத நிலையில் கிடைக்கிறது. புதிய ஜிஎக்ஸ் 550-ஐயும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். பழையதில் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் இருப்பதால் அதுதான் நீடித்து உழைக்கும் என்கிறார் என் தம்பி. காலம் கடந்த வடிவமைப்பில் பணத்தைப் போட வேண்டாம் என்கிறார் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் தம்பி எஞ்சினைப் பார்க்கிறார், உங்கள் மனைவி வடிவமைப்பின் வயதைப் பார்க்கிறார். இரண்டும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் இரண்டுக்கும் முன்பாக, இந்த இரு தலைமுறைகளும் தத்தம் ஆயுளில் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஜிஎக்ஸ் 460, 2010-ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்து, 2023 வரை அடிப்படை மாறாமல் தயாரிக்கப்பட்ட வண்டி. டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 4.6 லிட்டர் வி8 எஞ்சின், ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், லேடர் ஃபிரேம் எனும் ஏணி வடிவ அடிச்சட்டம் ஆகியவைதான் அதன் அடித்தளம். இவ்வளவு நீண்ட காலம் ஒரே எஞ்சினையும் ஒரே சட்டத்தையும் வைத்துத் தயாரிக்கும்போது, தொழிற்சாலைக்கும் சரி, சர்வீஸ் நிலையத்துக்கும் சரி, அந்த வண்டியின் ஒவ்வொரு பலவீனமும் அத்துப்படி ஆகிவிடுகிறது. ஆனால் பிறந்தபோதே அது அப்படி இருந்துவிடவில்லை. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் இந்த வண்டியைச் சோதித்தபோது, வளைவில் வேகமாகச் செல்கையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி அளவுக்கு மீறிச் சறுக்குவதையும், அதைக் கட்டுப்படுத்த வேண்டிய மின்னணு அமைப்பு தாமதமாகவே குறுக்கிடுவதையும் கண்டு, இதை வாங்க வேண்டாம் என்றே தன் வாசகர்களை எச்சரித்தது. டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸ் நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, மென்பொருளைத் திருத்தி, ஏற்கெனவே விற்ற வண்டிகளையும் திரும்ப அழைத்துச் சரிசெய்த பிறகு, மறுசோதனையில் குறை நீங்கியிருந்ததால் அடுத்த மாதமே அந்த எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று நம்பகமான வண்டி என்று எல்லோரும் கைகாட்டும் ஒன்றின் முதலாம் ஆண்டு நிலைமை இதுதான். அந்த நற்பெயர் பிற்கால ஆண்டுகளில் சம்பாதிக்கப்பட்டது. உங்களுக்குக் கிடைப்பது கடைசி ஆண்டு வண்டி என்பதால், அதன் முழுப் பயனும் உங்களுக்கு வந்து சேரும்.

ஜிஎக்ஸ் 550 இப்போது அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. 2023 ஜூனில் அறிமுகமான இந்த வண்டியில் சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், உட்புறம் என எதுவுமே பழையதன் தொடர்ச்சி அல்ல. லேண்ட் குரூஸர் 300, லெக்சஸ் எல்எக்ஸ் 600 ஆகியவற்றுக்கும் பொதுவான ஜிஏ-எஃப் அடித்தளத்தின் மீது, இரட்டை டர்போ கொண்ட 3.4 லிட்டர் வி6 எஞ்சினும் பத்து வேக கியர்பாக்ஸும் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஓட்டிப் பார்த்தபோது வித்தியாசத்தை உணர்ந்திருப்பீர்கள்: பழைய வி8 எஞ்சினின் 301 குதிரைத்திறனுக்கு எதிரே இதில் 349, முறுக்குவிசையோ ஏறத்தாழ 446 நியூட்டன் மீட்டரிலிருந்து 650 நியூட்டன் மீட்டராக உயர்ந்துள்ளது. ஏற்றத்தில், முழுச் சுமையுடன், எஞ்சினை உறுமவிடாமலே வண்டி நகர்வது இதனால்தான். படகு அல்லது டிரெய்லர் இழுப்பவருக்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் அதே எஞ்சின் குடும்பத்தில், தயாரிப்பின்போது உலோகத்தைக் கடைந்த துகள்கள் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்ட குறைபாடு காரணமாக, அமெரிக்காவில் 2022, 2023-ஆம் ஆண்டு மாடல்களான டொயோட்டா டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளில் சுமார் 1,02,000 வண்டிகளை 2024 மே மாதத்தில் டொயோட்டா திரும்ப அழைக்க நேர்ந்தது. அத்துகள்கள் எஞ்சினின் முதன்மைத் தாங்கிகளை அரித்தால், எஞ்சின் தட்டும் ஓசை எழலாம், தடுமாறலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றும் போகலாம். 2025 இறுதியில் அந்த நடவடிக்கை விரிவாக்கப்பட்டபோது 2024-ஆம் ஆண்டு ஜிஎக்ஸ் வண்டிகளும் அதில் சேர்ந்தன. இதைச் சொல்வது வி6 எஞ்சினே மோசம் என்பதற்காக அல்ல. டர்போ என்றாலே சீக்கிரம் பழுதாகும் என்ற அச்சத்துக்கு இதில் ஆதாரம் ஏதுமில்லை. துகள்களுக்கும் டர்போவுக்கும் தொடர்பே கிடையாது. புதிய எஞ்சினும் அதைத் தயாரிக்கும் புதிய உற்பத்தி வரிசையும் பக்குவப்படச் சில ஆண்டுகள் ஆகும் என்பதையும், அந்தச் சில ஆண்டுகளின் சிரமத்தை முதலில் வாங்குபவரே சுமக்கிறார் என்பதையும்தான் இது காட்டுகிறது. புதிய வண்டியையே தேர்ந்தெடுப்பீர்களானால், அதன் அடையாள எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்பதை டீலரிடம் எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் பெற்றோர். இரண்டுமே உயரமான வண்டிகள். ஷோரூமில் நீங்கள் ஏறி இறங்கிப் பார்த்தது கணக்கில் சேராது. உங்கள் தாயாரையும் தந்தையாரையும் அழைத்துச் சென்று, பின்னிருக்கையில் ஏறச் செய்து, கால் மணி நேரமாவது உட்காரவைத்து, பிறகு இறங்கச் செய்து பாருங்கள். ஏறும்போது கை எதைப் பற்றுகிறது, இறங்கும்போது கால் பக்கப்படியில் நிதானமாகப் பதிகிறதா, இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்துகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். பத்தாண்டுகள் வைத்திருக்கப்போகும் வண்டியில் இது எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கையைவிட முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். இன்னொன்று, பழைய ஜிஎக்ஸில் பின்கதவு வீட்டுக் கதவைப் போலப் பக்கவாட்டில் திறக்கும். பின்னால் மற்றொரு வண்டி நெருங்கி நின்றால் அதை முழுதாகத் திறக்கவே முடியாது. புதியதில் அது மேல்நோக்கி உயர்கிறது. சக்கர நாற்காலியோ நடைச் சட்டமோ அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டியிருந்தால், இந்தச் சிறிய மாற்றம் தினந்தோறும் கைகொடுக்கும்.

பழையதை வாங்குவதாக இருந்தால், பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த வி8 எஞ்சினில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையிலான பள்ளத்தை மூடும் தகட்டின் ஓரமாகக் குளிர்விப்பு நீர் மெதுவாகக் கசிவது உரிமையாளர்கள் பலரும் அறிந்த குறை. வாட்டர் பம்ப்பிலும் கசிவு ஏற்படுவதுண்டு. டொயோட்டாவின் குளிர்விப்பு நீர் இளஞ்சிவப்பு நிறம் கொண்டது என்பதால், கசிந்து உலர்ந்த இடத்தில் அது உப்புப் படிவைப்போல் வெளிர்சிவப்பாகப் படிந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல்மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தையும் பம்ப்பின் அடிப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ஆண்டு வண்டியில் இது தென்படும் வாய்ப்பு குறைவு. எனினும் தகட்டைச் சரிசெய்ய எஞ்சினின் மேற்பகுதியில் நிறையக் கழற்ற வேண்டியிருப்பதால், பார்த்துவிட்டு வாங்குவதே முறை.

உங்கள் நிலைமையில், பின்கதவும் இருக்கையும் பெற்றோருக்குத் தடையில்லை என்றால், நான் அந்தக் கடைசி ஆண்டு ஜிஎக்ஸ் 460-ஐத்தான் எடுப்பேன். பத்தாண்டுகள் வைத்திருப்பவருக்கு, பழகி முதிர்ந்த எஞ்சினும் டர்போ இல்லாத எளிமையும் பெரிய சொத்து. எரிபொருளை அது தாராளமாகக் குடிக்கும். அதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும். பெற்றோருக்குப் புதியதே வசதியாக இருக்கிறது என்றால், அவசரமில்லாத பட்சத்தில், இன்னும் ஓராண்டு பொறுத்து அதையே வாங்குங்கள். தம்பிக்கும் மனைவிக்கும் இடையே நடுவராக இருக்கும் பொறுப்பை உங்கள் தாயாரின் முழங்காலுக்கே விட்டுவிடலாம்.

கேள்வி: நான் விரும்பும் எஸ்யூவியின் பழைய தலைமுறை, புதிய தலைமுறை இரண்டுமே பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. அப்படியானால் பாதுகாப்பில் இரண்டும் சமம்தானே?

பதில்: சமம் அல்ல. நட்சத்திரத்துக்கு ஆண்டு உண்டு. எந்த ஆண்டின் விதிகளின்படி அது வழங்கப்பட்டது என்று தெரியாமல் அதை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு முன்பு முன்பக்க மோதலைச் சோதிக்க, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரை ஓர் அசையாத தடுப்பின் மீது மோதச் செய்தது. 2020 முதல் அதற்குப் பதிலாக, 1,400 கிலோ எடையுள்ள நகரும் தடுப்பும் காரும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதுகின்றன. இந்த மாற்றத்தில் எஸ்யூவி வாங்குவோர் அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. தன்னுள் இருப்பவர்களை எப்படிக் காத்தது என்பதோடு, எதிரே வந்த வண்டிக்கு எவ்வளவு கேடு விளைவித்தது என்பதும் இப்போது மதிப்பெண்ணில் சேர்கிறது. கனமான, உயரமான, முன்பகுதி இறுகிய வண்டிகள் பழைய சோதனையில் எளிதாகத் தப்பித்துவந்தன. புதிய சோதனையில் அவை தண்டிக்கப்படுகின்றன. அதே ஆண்டில், மறுபக்கத்திலிருந்து இடிக்கும்போது முன்னிருக்கையில் இருப்பவர் நடுப்பகுதியை நோக்கி எவ்வளவு தூரம் வீசப்படுகிறார் என்பதையும் அளக்கத் தொடங்கினார்கள். இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே விரியும் காற்றுப்பை பல புதிய வண்டிகளில் இடம்பிடித்ததற்கு அதுவே தூண்டுகோல்.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் ஐஐஹெச்எஸ் அமைப்பும், பக்கவாட்டு மோதல் சோதனையில் இடிக்கும் தடுப்பின் எடையை 1,500 கிலோவிலிருந்து 1,900 கிலோவாகவும், வேகத்தை 50 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டராகவும் 2021-ல் உயர்த்தியது. மோதலின் ஆற்றல் இதனால் 82 சதவீதம் கூடுகிறது. சாலையில் ஓடும் வண்டிகளே எஸ்யூவிகளாகிக் கனத்துவிட்டன என்பதுதான் அதற்கு அவர்கள் கூறிய காரணம். அடுத்த ஆண்டே முன்பக்க மோதல் சோதனையில் பின்னிருக்கையிலும் ஒரு பொம்மையை அமர்த்தினார்கள். குழந்தைகளும் முதியோரும் பெரும்பாலும் அமர்வது அங்கேதான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு தாமதமாக வந்த மாற்றம் என்று தோன்றுகிறது.

ஆகவே பழைய தலைமுறை 2016-ல் பெற்ற ஐந்து நட்சத்திரத்தையும் புதிய தலைமுறை 2022-ல் பெற்றதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பாதுகாப்பு என்று வரும்போது மட்டும், என் விருப்பம் பெரும்பாலும் புதிய தலைமுறையின் பக்கமே சாயும். பழையதையே வாங்குவதாக இருந்தால், முன்கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். தானியங்கி பிரேக்குக்குக் கண்ணாக இருக்கும் கேமரா அந்தக் கண்ணாடியின் மேல்விளிம்பில் அமர்ந்திருப்பதால், கண்ணாடியை மாற்றிய பிறகு அதை முறைப்படி மறு அளவீடு செய்ய வேண்டும். செய்ததற்கான ரசீது இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிய கையோடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: புதிய வண்டிகளில் எல்லாமே திரைக்குள் போய்விட்டது. பட்டன்கள் உள்ள பழைய தலைமுறையே எனக்குப் பிடித்திருக்கிறது. இதை ஒரு காரணமாகக் கொண்டு பழையதை வாங்குவது முட்டாள்தனமா?

பதில்: முட்டாள்தனமே இல்லை. வண்டியில் எஞ்சினைத் தொடுபவர் மெக்கானிக். பட்டனைத் தொடுபவர் நீங்கள். தினமும் பலமுறை கை போகும் இடம் மனத்துக்கு ஒவ்வாமல் இருந்தால், அந்த எரிச்சல் வண்டியை விற்கும் நாள் வரை தீராது.

பழையது என்றால் பட்டன், புதியது என்றால் திரை என்று பொதுவாகப் பிரித்துவிட வேண்டாம். பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி05 என்ற குறியீட்டைக் கொண்ட தலைமுறை 2018-ல் அறிமுகமானபோது, ஏசியின் வெப்பநிலைக்கும் காற்றின் வேகத்துக்கும் தனித்தனிப் பட்டன்கள் இருந்தன. அதே தலைமுறைக்கு 2023-ல் வந்த ஃபேஸ்லிஃப்ட்டில் (தலைமுறையின் நடுவே செய்யப்படும் புதுப்பிப்பில்), இரு திரைகளை ஒரே வளைந்த கண்ணாடிக்குள் அமைத்தபோது, அந்தப் பட்டன்கள் நீங்கி அவற்றின் வேலை திரைக்குள் சென்றுவிட்டது. உங்கள் தேவைக்கு ஏற்ற எல்லைக்கோடு இங்கே தலைமுறை மாறிய இடத்தில் இல்லை. தலைமுறையின் நடுவில் இருக்கிறது. வால்வோ எக்ஸ்சி90 வண்டியிலோ, 2014-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறையிலேயே ஏசியின் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நெடுக்காக நிற்கும் திரைக்குள் போய்விட்டன.

ஆகவே தலைமுறையின் பெயரை விட்டுவிட்டு, குறிப்பிட்ட ஆண்டின் வண்டியில் அமர்ந்து பாருங்கள். வண்டி நிற்கும்போது திரை அழகாகவே தெரியும். மேடுபள்ளமான சாலையில், வேறொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து, கையை நீட்டி வெப்பநிலையை இரண்டு டிகிரி குறைத்துப் பாருங்கள். வண்டி குலுங்கும்போது விரல்நுனி திரையின் மீது நிலைகொள்ளாமல் அலைபாய்வதையும், தொட நினைத்ததற்குப் பக்கத்தில் உள்ளது தொடப்படுவதையும், சரியாகப் பட்டதா என்று அறியக் கண் சாலையை விட்டுத் திரைக்குத் திரும்புவதையும் அப்போது காணலாம். பட்டனையோ திருகியையோ விரல் தடவியே அடையாளம் கண்டுகொள்கிறது. யூரோ என்கேப் தன் 2026-ஆம் ஆண்டு விதிகளில், திசை காட்டும் விளக்கு, ஆபத்து விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதற்கு மதிப்பளிக்கத் தொடங்கியிருப்பது, உங்களைப் போன்றவர்களின் மனக்குறை நியாயமானதே என்பதற்குச் சான்று. பட்டன்கள் மெல்லத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: ரேஞ்ச் ரோவரின் புதிய தலைமுறை என் கைக்கு எட்டாது. முந்தைய எல்405 தலைமுறையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் பெரிய செலவு வைக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். புதியதில் நான் எதை இழக்கிறேன், பழையதில் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில், இழப்பு. 2021 அக்டோபரில் அறிமுகமான எல்460 தலைமுறையில் என் மனத்தைக் கவர்ந்தது பின்சக்கரங்களும் திரும்பும் அமைப்புதான். ஐந்து மீட்டரைத் தாண்டும் வண்டி, 11 மீட்டருக்கும் குறைவான வட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது. குறுகலான வாகன நிறுத்துமிடங்களில் இதன் அருமை தெரியும். நீண்ட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட வடிவத்தில் ஏழு பேர் அமரும் வசதியும் ரேஞ்ச் ரோவரில் முதன்முறையாக அப்போதுதான் வந்தது. இவ்விரண்டும் உங்களுக்குத் தேவையில்லை என்றால், எல்405 குறைந்தது அல்ல. 2012-ல் வந்த அந்தத் தலைமுறைதான் முழு அலுமினிய உடற்கட்டுக்கு மாறி, முன்னோடியைவிட 420 கிலோ வரை எடையைக் குறைத்தது. ரேஞ்ச் ரோவரின் வரலாற்றில் அதை எல்460-ஐவிடப் பெரிய தாவலாகவே கருதுகிறேன்.

ஏர் சஸ்பென்ஷன் பயப்பட வேண்டிய ஒன்று அல்ல, பார்த்து வாங்க வேண்டிய ஒன்று. சுருள்வில்லின் இடத்தில் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கிறது. ரப்பருக்கு வயதாகும்போது மடிப்புகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிக் காற்று கசிகிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி இயங்குகிறது; அளவுக்கு மீறி உழைத்துச் சூடேறி ஒருநாள் அதுவும் பழுதாகிறது. பையின் கசிவை அலட்சியப்படுத்துபவர்தான் கம்ப்ரஸருக்கும் சேர்த்துச் செலவு செய்கிறார்.

சோதிப்பது எளிது. மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரங்களுக்கும் நேர்மேலே உள்ள வளைவின் விளிம்பிலிருந்து சக்கரத்தின் மையம் வரையிலான உயரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில், கதவைத் திறக்கும் முன்பே, மீண்டும் அளக்க வேண்டும். வண்டி தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் என்பதால் நான்கு மூலைகளிலும் ஒரே அளவாகச் சற்றுத் தாழ்ந்திருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒரு மூலை மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சாய்ந்திருந்தால், அந்தப் பையிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ கசிவு இருக்கிறது. பிறகு எஞ்சினை இயக்கி, வண்டியை மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றச் சொல்லி, அது தயங்காமல் ஏறுகிறதா, கம்ப்ரஸர் கரகரவென்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் ஓரிரவு வண்டியை இப்படி நிறுத்திவைக்க மறுத்தால், வேறு வண்டியைத் தேடுங்கள்.

பைகள் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். முறையான ரசீதுடன் இருந்தால் அது உங்களுக்கு லாபம்.

கேள்வி: போர்ஷே மக்கான் வாங்க விரும்புகிறேன். புதிய தலைமுறை மின்சாரத்தில் மட்டுமே இயங்குகிறது. பழைய பெட்ரோல் மக்கானா, புதியதா?

பதில்: பெயர் ஒன்று என்பதால் இவற்றை ஒரே வண்டியின் இரு தலைமுறைகளாக எண்ணி ஒப்பிடுவது உங்களைக் குழப்பும். 2024 ஜனவரியில் அறிமுகமான மக்கான், 800 வோல்ட் மின்னமைப்பும் மொத்தம் 100 கிலோவாட் மணி பேட்டரியும் கொண்ட, முற்றிலும் வேறான வண்டி. உங்களுக்குச் சொந்தமான நிறுத்துமிடத்தில் சார்ஜர் பொருத்த முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியும் என்றால் புதியதை வாங்குங்கள். அமைதியிலும் வேகத்திலும் பழையது அதன் அருகில் நிற்க முடியாது. முடியாது என்றால், பொது சார்ஜரை மட்டுமே நம்பி இந்த வகை வண்டியை வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்ரோல் மக்கான் மோசமான வண்டி என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுத்தப்பட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். 2014 முதல் விற்பனையில் இருந்த அந்த வண்டியின் மின்னணு அமைப்பு, 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயமான இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு முன்பே உருவானது. அதை மாற்றி அமைப்பதைவிட அங்கே விற்பனையை முடித்துக்கொள்வதே மேல் என்று நிறுவனம் முடிவு செய்தது. இதே பிரிவில் பெட்ரோல் எஞ்சினுடன் புதிய எஸ்யூவி ஒன்றை உருவாக்கப்போவதாக 2025-ல் அதே நிறுவனம் அறிவித்தது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபேஸ்லிஃப்ட் என்றால் முன்விளக்கும் பம்பரும்தானே? அதற்காகக் காத்திருப்பது வீண் அல்லவா?

பதில்: எப்போதும் அப்படி அல்ல. போர்ஷே கயென் எஸ், 2017-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் 2.9 லிட்டர் வி6 எஞ்சினைக் கொண்டிருந்தது; 2023-இன் ஃபேஸ்லிஃப்ட்டில் 4 லிட்டர் வி8 எஞ்சின் திரும்பி வந்தது. விளக்கைப் பார்க்காமல், எஞ்சின், கியர்பாக்ஸ், திரையின் மென்பொருள் ஆகிய மூன்றில் எது மாறியது என்று விசாரியுங்கள். மூன்றில் ஒன்றும் மாறவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பத்தாண்டுகளுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த சொகுசு எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். கைபேசிச் செயலி வழியாகக் கதவைப் பூட்டும் வசதி வேலை செய்யவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் 3ஜி மோடம்தான் பொருத்தப்பட்டிருந்தது. பல நாடுகளில் தொலைபேசி நிறுவனங்கள் 3ஜி சேவையை மூடிவிட்டதால், செயலி, தொலைவிலிருந்து பூட்டுதல், சில வண்டிகளில் விபத்தின்போது தானாகச் செல்லும் அவசர அழைப்பு ஆகியவை செயலிழந்தன. வண்டியின் மற்ற பாகங்களுக்கு இதனால் கேடு எதுவும் இல்லை. சில மாடல்களுக்கு மட்டும் நிறுவனங்கள் மாற்று மோடம் தருகின்றன; அடையாள எண்ணைக் கொடுத்து சர்வீஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அப்போதே முந்தைய உரிமையாளரின் பெயர் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். மோடம் மீண்டும் உயிர்பெறும் நாளில், உங்கள் வண்டியின் கதவு அவருடைய கைபேசியிலிருந்து திறக்கக்கூடாது.